மூன்றாவது சரணம்

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டதும் முதலில் கேட்பது என் மூச்சுதான். மூக்கின் இடது பக்கம் லேசாக விசிலடிக்கிறது. முன்பெல்லாம் இப்படி இல்லை, அல்லது இருந்தும் நான் கேட்டதில்லை, அந்த வயசில் மெல்லிய சத்தம் எதையும் நான் கேட்டதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிற வித்யா உதட்டை அசைக்கிறாள், சத்தம் வரவில்லை, அப்புறம் ஞாபகம் வந்து பட்டனை அமுக்குகிறாள், குரல் தலைக்குள் வந்து உட்காருகிறது. "இன்னாசி சார், மூணாவது சரணம் மட்டும் போதும். பாக்கியெல்லாம் நீங்க கச்சேரியில பாடினதையே வச்சுக்கலாம், ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆரம்பத்துலேருந்து போடறேன், அந்த மூடு வரட்டும்." கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறேன். நாலு வரிதானே. நானே எழுதிய நாலு வரி. காலையில் சாலிகிராமத்தில் இந்த ஸ்டுடியோவுக்கு வரும் வழியில் ஃபோனில் தேடிப் பார்த்தேன், எவனோ ஒரு ரசிகன் எங்கள் பாட்டு எல்லாவற்றையும் வரி விடாமல் ஏற்றி வைத்திருக்கிறான், வண்டி வடபழனி சிக்னலில் நின்றபோது கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தேன், தடங்கல் இல்லாமல் வந்தது, மறுபடியும் சொன்னேன், மறுபடியும் வந்தது. ஃபோன் இப்போது வெளியே மேஜைமேல் கிடக்கிறது. உள்ளே கொண்டுவந்தால் மைக்கில் கர்ரென்று இரைச்சல் விழும் என்று வித்யா வாங்கி வைத்துக்கொண்டாள். பரவாயில்லை. எழுதியவனுக்கு எதற்கு ஃபோன்? அவளுக்குப் பின்னால் நாற்காலியில் முபாரக், இரண்டு கையையும் தொப்பைமேல் கோத்துக்கொண்டு என்னையே பார்க்கிறான். கருங்கல் குழுவின் கிடார் அவன்தான். அவனுக்கும் பின்னால் சோபாவில் கோதண்டம், டிரம்ஸ், இடுப்பு பெல்ட்டைக் கழற்றாமலேயே தூங்கிவிட்டான், மத்தியானம் பிரியாணி. முதலில் சேர்ந்தவர்களில் மிச்சம் இருப்பது நாங்கள் மூன்று பேர். பேஸ் கிடார் வாசித்த டெர்ரி எப்போதோ பெர்த்துக்குப் போய்விட்டான், அங்கே பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருகிறான். கருங்கல். பொன்மலை ரயில்வே பட்டறைக்காரர்களின் பையன்கள் ஹார்ட் ராக் வாசித்தால் வேறென்ன பேர் வைப்பது என்று முபாரக்தான் கேட்டான், நாங்கள் சிரித்தோம், ஒரு வாரம் போனால் வேறு நல்ல பேர் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம், அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

பாட்டு ஆரம்பிக்கிறது. முதலில் ஜனங்களின் இரைச்சல், பொன்மலை ஜி கார்னர் மைதானம், போன மாசம், சாயங்காலம், அந்த இரைச்சலுக்குள்ளிருந்து முபாரக்கின் கிடார் ஒரு லாரி ரிவர்ஸ் எடுப்பது மாதிரி முக்கிக்கொண்டு வெளியே வருகிறது. இந்த ஆரம்பத்தை அவன் முதன்முதலில் வாசித்தபோது என் முழங்காலுக்குக் கீழே மயிர் எழுந்து நின்றது, இன்றைக்கும் நிற்கிறது, உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது, உடம்பு நல்ல பிராணி. 'சங்கு ஊதும் நேரம்', பட்டறையில் ஷிப்டுக்கு ஊதுகிற சங்கு. எங்கள் முதல் ஆல்பம் 'கொதிகலன்', அதில் முதல் பாட்டு. கோடம்பாக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் சினிமாப் பாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும் நடுவில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். அங்கே இருந்த இன்ஜினியர் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார், முபாரக் ஒரு இழுப்பு இழுத்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார், தம்பி உங்க ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர், கர்ருங்குது என்றார். அதுதான் சார் வேணும் என்றான் முபாரக். அவர் எங்களைப் பார்த்த பார்வை. ஆனால் கடைசி நாளில் அவரே, இன்னும் கொஞ்சம் கர்ருன்னு வந்தா நல்லாருக்கும் இல்ல, என்றார். அதற்கப்புறம் இரண்டாவது ஆல்பம், அதில் யார் பேச்சைக் கேட்டோ கீபோர்டை வாரி இறைத்தோம், அந்த ஆல்பத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை, குடும்பத்தில் ஓடிப்போனவனைப் பற்றிப் பேசாத மாதிரி. அப்புறம் லைவ் ஆல்பம், 'மழையோடு', இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றின் தகரக் கூரைக்குக் கீழே பதிவானது, மெதுவான பாட்டு வரும்போதெல்லாம் தகரத்தில் மழை அடிப்பது கேட்கும். கேசட்டில் கோளாறு என்று கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. ஸ்டுடியோ ஆல்பம் என்பது தலை சீவிப் பவுடர் பூசி எடுத்துக்கொண்ட ஃபோட்டோ, லைவ் ஆல்பம் கல்யாணப் பந்தியில் நாம் வாயைத் திறக்கும்போது எவனோ எடுத்த ஃபோட்டோ, இரண்டிலும் இருப்பது நாம்தான், இரண்டாவதில் கொஞ்சம் கூடுதலாக. இதோ என் குரல் வருகிறது, போன மாசத்துக் குரல், கரகரவென்று, பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது. 'கரிப்புகையில காலை விடியும், கை ரெண்டுலயும் இரும்பு படியும், சங்கு ஊதினா ஊரே நடக்கும், சும்மா நின்னா சோறா கிடைக்கும்.' உதட்டை அசைத்துக்கொண்டே கூடப் போகிறேன். வருகிறது. பல்லவி வருகிறது. இரண்டாவது சரணம் வருகிறது, அதுவும் வருகிறது, பார்த்தாயா, ஒன்றும் இல்லை, எல்லாம் இருக்கிறது, வைத்த இடத்தில் இருக்கிறது. முபாரக்கின் சோலோ. வித்யா விரலைத் தூக்கி, இதோ, இதோ என்று எனக்குக் காட்டுகிறாள். வாயைத் திறக்கிறேன். மூச்சு எடுத்தாயிற்று, வயிறு இறுகியாயிற்று, நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு ஓர் எழுத்துக்காகக் காத்திருக்கிறது.

எழுத்து இல்லை.

இருமினேன். அது ஒன்றுதான் தோன்றியது. கையை வாயில் வைத்து, நிஜமாகவே தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி, தலையைக் குனிந்து, நன்றாக இருமினேன், இருமலுக்குள்ளேயே தேடினேன். வித்யா பாட்டை நிறுத்திவிட்டாள். "வெந்நீர் கொண்டுவரச் சொல்லட்டுமா சார்?" ஆமாம்மா என்றேன், என் குரல் எனக்கே ஒரு வேலைக்காரன் குரல் மாதிரிக் கேட்டது, அவ்வளவு பணிவு. முபாரக் அசையவில்லை. நான் மைக்குக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இந்தச் சின்ன அறையில் சுவர் முழுக்க பஞ்சு, பேசினால் பேச்சு திரும்பி வருவதில்லை, எதுவுமே திரும்பி வருவதில்லை. காலையில் வடபழனி சிக்னலில் என்ன சொன்னேன்? சிக்னல் ஞாபகம் இருக்கிறது. சிக்னலில் பக்கத்துப் பைக்கில் இருந்த குழந்தையின் தொப்பி மஞ்சள் நிறம், அதில் ஒரு காது இருந்தது, இன்னொரு காது பிய்ந்திருந்தது, அது ஞாபகம் இருக்கிறது. வரி எங்கே? வரியின் அளவு தெரிகிறது, அதன் கனம் தெரிகிறது, எந்த இடத்தில் குரல் ஏறும், எந்த இடத்தில் பல்லைக் கடிக்கவேண்டும் என்பதெல்லாம் தெரிகிறது, இருட்டில் தடவிப் பார்த்து இது அலமாரி, இது கட்டில் என்று தெரிகிற மாதிரி, ஆனால் விளக்கு இல்லை. மைதானத்திலும் இதே இடம்தான். இதே ஓட்டை. அன்றைக்கு அவ்வளவு வெளிச்சம், அவ்வளவு முகம், வாயைத் திறந்தேன், ஒன்றும் இல்லை, உடனே என்ன செய்தேன் என்றால் மைக்கை ஜனங்களைப் பார்த்து நீட்டினேன். யோசித்துச் செய்யவில்லை. விழுகிறவன் கையை நீட்டுகிற மாதிரி. அவர்கள் பாடினார்கள். அத்தனை பேரும், அப்பன்களும் அப்பன் தோளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும், எனக்குத் தெரியாத என் பாட்டை என்னைப் பார்த்துப் பாடினார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், தலைவன் மைக்கை நீட்டினான் பாரு, புல்லரிச்சிருச்சு, இதான்டா கருங்கல் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொன்றாகப் படித்தேன், ஒவ்வொன்றும் நெஞ்சில் ஒரு ஈரத்துணியைப் போட்டது. அன்றைக்கு மேடையில் என் கண் கலங்கியதைப் பார்த்து சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள். அந்தக் கச்சேரியை ஆல்பமாக வெளியிடப் போகிற கம்பெனிக்காரன் அந்த இடத்தில் பாடகர் குரல் வேண்டும் என்கிறான், ஜனங்கள் சத்தம் பின்னால் லேசாக இருந்தால் போதுமாம். ஸ்டுடியோவுக்கு வந்து நாலு வரியைப் பாடிக் கொடுத்துவிட்டுப் போ என்றான் முபாரக். சரிடா என்றேன். வேறென்ன சொல்வது?

வெந்நீர் வந்தது. கொண்டுவந்து கொடுத்தது வித்யாவேதான், கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, "மெதுவா சார், அவசரமே இல்ல. சினிமாக்காரங்க வந்து ஒரு வரியை நாள் முழுக்கப் பாடுவாங்க" என்றாள். அவளுக்கு எங்கள் மாதிரி சத்தம் அவ்வளவாகப் பிடிக்காது, முதல் நாளே சொல்லிவிட்டாள், ஆனால் காது சுத்தமான காது. கதவு மூடியது. வெந்நீர் நாக்கைச் சுட்டது, நல்லது, சுடட்டும், ஏதாவது ஒன்று நிச்சயமாகத் தெரியட்டும். அக்காவும் இப்படித்தான் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பாள். மரியபுஷ்பம் அக்கா, கணக்கு டீச்சர், பொன்மலையில் பாதிப் பேருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள், நாங்கள் வீட்டில் வாசித்துப் பழகும்போது காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பரீட்சைப் பேப்பர் திருத்துவாள், ஒருநாளும் நிறுத்து என்று சொன்னதில்லை. முதலில் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. அப்புறம் சாவி. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்து, தம்பி, நம்ம வீடு வலது பக்கமா இடது பக்கமா என்றாள், சிரித்துக்கொண்டே கேட்டாள், விளையாட்டுக்குக் கேட்கிற மாதிரி, இப்போது யோசித்தால் அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று எனக்குத் தெரிகிறது, மைக்கை நீட்டிக்கொண்டு நான் சிரித்தேனே, அதே சிரிப்பு. கடைசியில் நான் போய் நின்றால், நீங்க யாரு இந்த வீட்டுக்கு, என்று மரியாதையாகக் கேட்பாள். ஆனால் பாட்டு போகவில்லை. கோயில் பாட்டு ஆரம்பித்தால் கடைசிவரைக்கும் ஒரு சொல் பிசகாமல் பாடுவாள். டாக்டர் சொன்னார், பாட்டெல்லாம் ரொம்ப ஆழத்தில் இருக்கும் சார், அதுதான் கடைசியாகப் போகும். அதைக் கேட்டு எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது, பாட்டுக்காரன்தானே நான், பத்திரமான இடத்தில் இருக்கிறேன் என்று நினைத்தேன். கடைசியாகப் போகவேண்டியது எனக்கு முதலில் போகிறதே. அப்படியென்றால் மற்றதெல்லாம் ஏற்கெனவே போய்விட்டதா, போனதுகூடத் தெரியாமல்? சோதித்துப் பார்க்கிறேன். ஜெசிந்தா. என் மனைவி. கல்யாணம் மாதா கோயிலில், வைகாசி, வெயில், டெர்ரியின் கோட்டு எனக்கு, தோள் பிடித்தது. மகள் கோயம்புத்தூரில். இரத்த அழுத்த மாத்திரை வெள்ளை, பாதி. இருக்கிறது, இருக்கிறது. வயசானால் யாருக்கும் வருகிற மறதிதான் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். அக்காவும் அப்படித்தான் சொன்னாள். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுவிடுகிறது, திரும்பி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது, உப்பு, சாவி, வலதா இடதா.

"போலாமா சார்?" போகலாம். மறுபடியும் ஜனங்கள், மறுபடியும் லாரி, கரிப்புகையில காலை விடியும். இந்தத் தடவை உதட்டை அசைக்கவில்லை, பலத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று பேசாமல் நின்றேன். வருவது வருகிறபோது வரட்டும், துரத்தினால் ஓடும், பூனை மாதிரி, பார்க்காத மாதிரி இருந்தால் தானாக வந்து காலில் உரசும். சோலோ. வித்யாவின் விரல். வாயைத் திறந்தேன், வந்துவிட்டது, குரல் வெடித்துக்கொண்டு கிளம்பியது, அப்பாடா, வயிற்றிலிருந்து, முழுசாக, கண்ணை மூடிக்கொண்டு பாடினேன், பாடி முடித்துக் கண்ணைத் திறந்தபோது வித்யா நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தாள். "சார்... சூப்பரா இருந்துச்சு. ஆனா அது முதல் சரணம்." அப்படியா? அப்படியா. ஆமாம், கரிப்புகையில. அதைத்தான் பாடியிருக்கிறேன். "அட, ஆமாம்மா" என்று தலையில் தட்டிக்கொண்டேன், மேடையில் தட்டிக்கொள்கிற மாதிரி, பெரிதாக. அவள் சிரித்தாள். முபாரக் சிரிக்கவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேடையில் நான் சுருதி விலகினால் அவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான், முறைப்பான், சில சமயம் கிடாரின் கழுத்தால் முதுகில் இடிப்பான். தரையைப் பார்க்கிறவன் இல்லை அவன். "வித்யா" என்றேன், நேரம் வாங்குவதற்காகத்தான், "அந்த சோலோவிலேருந்து மட்டும் போடும்மா. நான் பாடல. சும்மா கேக்கறேன்."

கேட்டேன். மைதானத்தில் அந்த சோலோ எனக்கு எரிச்சலாக இருந்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. 'கொதிகலன்' கேசட்டில் அது ஒரே ஒரு சுற்று, நெருப்புக் குச்சி கிழிக்கிற மாதிரி வந்து போய்விடும், அதன் முனையில் ஒரு சுரத்தை அவன் மேலே தள்ளி நிறுத்துவான், அதைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே நுழையவேண்டும், எத்தனையோ வருஷமாக அப்படித்தான், மாறினதே இல்லை. அன்றைக்கு அவன் நிறுத்தவில்லை, நீட்டிக்கொண்டே போனான். கிழவனுக்கு இன்னும் ஆசை அடங்கவில்லை, லைவ் ரெக்கார்டிங் என்றதும் கையைக் காட்டுகிறான் என்று மேடையில் நினைத்தேன். இப்போது ஜனங்கள் சத்தம் குறைந்து கிடார் மட்டும் காதுக்குள் தனியாகக் கேட்கிறது. முதல் சுற்று முடிகிறது. அந்தச் சுரத்தை மேலே தள்ளி நிறுத்துகிறான். நிற்கிறது. நான் இல்லை. அந்த இடத்தில் ஒரு சின்ன வெறும் இடம், கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை, அதற்குள் அவன் மறுபடியும் கீழே இறங்கி முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். இரண்டாவது சுற்று. வேறு மாதிரி வாசிக்கிறான். என்ன இது? புதிதாகக் கற்றுக்கொள்கிற பையன் வாசிக்கிற மாதிரி இருக்கிறது, நகாசு எதுவும் இல்லை, ஒவ்வொரு சுரமாக, தெளிவாக, மெதுவாக. அடப்பாவி. இது சோலோ இல்லை. இது சரணத்தின் மெட்டு. என்னுடைய நாலு வரியின் மெட்டை, சொல்லுக்குச் சொல், எனக்கு எடுத்துக் கொடுக்கிறான். பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சிலிருந்து கிசுகிசுக்கிற மாதிரி. அத்தனை பேர் முன்னால், யாருக்கும் தெரியாமல், இந்தா, பிடி, இந்தா. நான் பிடிக்கவில்லை. கேட்கக்கூட இல்லை. மூன்றாவது சுற்றில் கிடார் நின்றுவிடுகிறது, கோதண்டம் காலால் மிதிக்கிற டிரம்ஸ் மட்டும் தும் தும் என்று, கோதண்டம் தானாகக் கையை நிறுத்துகிறவன் இல்லை, முபாரக்தான் ஜாடை காட்டியிருக்கவேண்டும், எல்லாம் அமைதி, இடம் விட்டுவிட்டார்கள், ஜனங்கள் நுழைவதற்காக. மைக்கை நீட்டியது நான்தான். ஆனால் நீட்டுவதற்கு ஓர் அமைதியைத் தயார் பண்ணி வைத்தது யார்? கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவன் தரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். சோலோவை நான் கேட்டுவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் முகத்தில் மாட்டிக்கொண்டவனின் களை. எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை நாளாக என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாய். கோபத்துக்கு அடியில் வேறொன்று, இவ்வளவு நாளாக நான் மட்டும் தூக்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்த மூட்டையின் மறுமுனையில் ஒரு கை இருந்திருக்கிறது.

வெளியே வந்தேன். "ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றோம்மா" என்றேன் வித்யாவிடம். செருப்பு விடுகிற இடத்தில் ஒரு சின்ன பெஞ்ச், முபாரக் அதில் உட்கார்ந்து குனிந்தான், முழங்கால் கடகடவென்றது. ஆரம்பிக்கவேண்டிய வரியும் மறந்துவிட்ட மாதிரி நின்றேன். அப்புறம் அவன் உச்சந்தலையைப் பார்த்துச் சொன்னேன்.

"அன்னைக்கு மைக்கை நான் வேணும்னு நீட்டலடா."

"ம்."

"வரி வரல. இப்பவும் வரல. காலையில பாத்துட்டு வந்தேன், அப்படியும் வரல."

"தெரியும் மாப்ளே."

"எப்பலேருந்து தெரியும்?"

அவன் செருப்பைக் கையில் எடுத்து, போடாமல், கீழே வைத்தான். "சேலத்துல. கச்சேரிக்கு முன்னால சவுண்ட் செக்ல என்னை டெர்ரின்னு கூப்பிட்ட."

"அது வாய் தவறி வந்திருக்கும்."

"ஒரு தடவைன்னா வாய் தவறின்னு நானும் விட்டிருப்பேன்."

சேலம் எப்போது? பொங்கலுக்கு முன்னால். அப்போதிருந்து. "ஏன்டா சொல்லல? பாத்துக்கிட்டே இருந்திருக்க."

"சொன்னா நீ பாட மாட்ட. கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துருவ. உன்னை எனக்குத் தெரியாதா?" செருப்பைக் காலால் தள்ளினான். "அதுவும் இல்ல. எனக்குப் பயமா இருந்துச்சு. நான் சொல்லிட்டா அது நிஜமாயிரும்னு. அவ்வளவுதான்."

"அப்ப எதுக்கு இன்னைக்குக் கூட்டிட்டு வந்து நிக்க வச்ச?"

"கம்பெனிக்காரன் கேட்டான். வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பான். உன்னைக் கேக்காம அவன்கிட்ட நான் என்ன காரணம் சொல்றது?" செருப்பை மறுபடியும் எடுத்து வாரை இழுத்தான். "பாடிருவேன்னு நெனச்சேன். சத்தியமா. பாடிட்டா ஒண்ணுமில்லன்னு வீட்டுக்குப் போயிரலாம்னு நெனச்சேன்."

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் தண்ணீர் லாரி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது, குடத்தோடு இரண்டு பெண்கள் ஓடினார்கள், நல்ல வெயில். இந்த வெயில், இந்த பெஞ்ச், இவன் தோள் என் தோளில் இடிப்பது, இதை நான் மறந்துவிடுவேனா என்று ஒரு நினைப்பு ஓடியது, மறந்தால் மறந்த பிறகு அது எங்கே போகும், இவனிடம் இருக்குமா. "அக்கா மாதிரி ஆயிட்டேன்னா?" என்றேன். சொல்லிவிட்டேன். சத்தமாக இந்த வாக்கியத்தை இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறேன், மனசுக்குள் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"அக்காவுக்கு என்னன்னு டாக்டர் பாத்தாரு. உன்னை இன்னும் யாரும் பாக்கவே இல்ல. வேற எதாவதா இருக்கலாம். தூக்கம், மாத்திரை, என்ன எழவோ. ஜெசிந்தாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"இன்னைக்குச் சொல்லு. டாக்டர்கிட்ட நானும் வர்றேன்."

"நீ எதுக்கு?"

"நீ பாட்டுக்கு எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்துருவ. சேலத்தை நான்தானே சொல்லணும்."

"கச்சேரி?"

"எழுதி வச்சுப் பாடு. காலுக்குக் கீழ ஒரு டிவி வச்சுப் பாடு. எல்லாப் பயலும் அப்படித்தான் பாடறான்."

"ஹார்ட் ராக் பாடறவன் மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டுக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தா நல்லாவாடா இருக்கும்?"

"உன் தொப்பை மட்டும் நல்லாவா இருக்கு?"

சிரிப்பு வந்தது, மூக்கில் தண்ணீரும் வந்தது, இரண்டும் ஒரே சமயத்தில், சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன். டீ குடிக்கவில்லை. உள்ளே போனோம். கோதண்டம் எழுந்து உட்கார்ந்து, முடிஞ்சிருச்சா, என்று கண்ணைக் கசக்கினான். வித்யாவின் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என் ஃபோனை எடுத்து நீட்டினாள், வேண்டுமானால் பார்த்துப் பாடுங்கள் என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி, அவளுக்கும் ஏதோ புரிந்திருக்கிறது. ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "நான் பாடலம்மா" என்றேன். "அன்னைக்கு எனக்கு வரி மறந்துபோச்சு. அவங்க பாடினாங்க. லைவ் ஆல்பம்தானே, என்ன நடந்துச்சோ அதையே வையி." வாய் விட்டுச் சொல்ல இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது. அவள் முபாரக்கைப் பார்த்தாள். "கம்பெனில நான் பேசிக்கறேன்" என்றான் அவன். கோதண்டம் எதுவும் கேட்கவில்லை, சோபாவில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டான். வித்யா திரும்பி, மைதானத்தில் ஜனங்களைப் பார்த்து வைத்திருந்த மைக்குகளின் பதிவை மட்டும் மேலே ஏற்றினாள். "சார், ஒரு மைக்குக்குப் பக்கத்துல ஒரு அம்மா நிக்கறாங்க. சுருதியே இல்ல, நல்லா கத்தறாங்க. குறைச்சிரவா?" குறைக்காதே என்றோம், மூன்று பேரும் ஒரே நேரத்தில்.

தும் தும் என்று கோதண்டத்தின் கால். அப்புறம் அவர்கள். அறை நிறைந்துவிட்டது. முதலில் ஒரு கும்பல் கொஞ்சம் முந்திக்கொண்டது, இன்னொரு கும்பல் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது, நடுவில் அந்த அம்மாவின் குரல் தகரத்தைக் கீறுகிற மாதிரி, அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை வார்த்தை தெரியாமல் வெறும் ஆ ஆ என்று. 'எண்ணெய்க் கறை ஏறிய சட்டை, எங்கப்பன் எனக்குத் தந்த கொடி.' பாதிப் பேர் தந்த என்றார்கள், பாதிப் பேர் விட்ட என்றார்கள், அது எப்படியோ ஒன்றாகக் கலந்து போனது. 'கிழிஞ்சா என்ன, தூக்கிப் புடி. கேட்டைத் தொறடா, இல்ல இடி!' அந்த இடியில் மைக் தாங்காமல் பிளிறியது. நான் கோதண்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தேடவில்லை, துரத்தவில்லை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது டீக்கடையிலிருந்து ஒரு பாட்டு காதில் விழுமே, அப்படி. அந்தச் சட்டை, அந்த எண்ணெய் வாசனை, அதைக் கொடி என்று எவனுக்குச் சொல்லத் தோன்றியிருக்கும், எங்கேயோ ஒரு பையன், ஆத்திரக்காரன், அப்பனை ரொம்பப் பிடித்தவன், பிடிக்கும் என்று சொல்லத் தெரியாதவன்.

"நல்லா எழுதியிருக்கான்டா" என்றேன்.

முபாரக் சட்டென்று திரும்பினான். வித்யாவின் கை அப்படியே நின்றது. "யாரு?" என்றான் அவன், மிக மெல்ல, அந்த ஒரு சொல்லில் சேலம் முதல் இன்றைக்கு வரைக்கும் அவன் பட்ட பயம் எல்லாம் இருந்தது. அவன் கேட்ட பிறகு பதிலைத் தேடி நானும் ஒரு கணம் உள்ளே போக வேண்டியிருந்தது, அதை அவனிடம் மறைக்கவில்லை, அவன் பார்க்கட்டும் என்று அப்படியே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான்டா" என்றேன்.

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான், தோள் குலுங்கியது, சிரிக்கிறானா என்னவென்று தெரியவில்லை. கோதண்டம் என் முழங்காலில் கையை வைத்தான். ஃபோனை எடுத்து ஜெசிந்தாவின் பேரைத் தேடினேன், கிடைத்தது, மணி போய்க்கொண்டிருந்தது. "என்னங்க, முடிஞ்சுதா?" என்றாள். "ஜெசி, கொஞ்சம் உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.